அரையாண்டு லீவில் தீம் பார்க்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் இருக்கிறோம். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஐந்து. அரையாண்டுத் தேர்வுக்கு அட்டவணை வந்த அன்றைக்கே பள்ளி வாசலில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். போன வருடம் நீங்கள் போனீர்களே, எப்படிப் போனீர்கள், குளிரவில்லையா, பாட்டியை என்ன செய்தீர்கள் என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டுப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அக்கா, லீவுல எந்தத் தேதி போனா கூட்டம் கம்மியா இருக்கும்?

நம் ஊர் அரையாண்டு லீவு பெரும்பாலும் டிசம்பர் 24 வாக்கில் ஆரம்பித்து ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது. இதில் 25 முதல் 1 வரை எல்லோருக்கும் லீவு. கேரளாவிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை, ஐடி கம்பெனிக்காரர்களும் மிச்ச லீவை அப்போதுதான் எடுக்கிறார்கள். அதனால் லீவு தொடங்கிய முதல் நாளே, அதாவது 24ஆம் தேதியே போவதுதான் என் முதல் தேர்வு. அன்று வீட்டில் கேக்கும் பலகாரமும் செய்கிற வேலை இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் புத்தாண்டு முடிந்து, பள்ளி திறப்பதற்கு முன் வரும் வேலை நாளைப் பிடியுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

நமக்கு எது கிட்ட, சென்னையா பெங்களூரா?

தூரத்தில் சென்னைப் பக்கம்தான் கிட்டம். பூந்தமல்லிக்கு முன்னாலேயே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, செம்பரம்பாக்கத்தில் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. சென்னை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம், அதனால் நம் ஊரிலிருந்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் அலுப்பில்லாத வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம். நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் விஜிபி போய், அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றவர்கள்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் அந்தக் கதையைச் சொல்வதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. அதற்கு முன்பு வொண்டர்லா என்றால் மைசூரு சாலையில் இருக்கும் பிடதிதான், அது 2005இல் திறந்தது. வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். இள்ளலூர் ஏறக்குறைய 140 தான். அதற்கும் சென்னைக்குள் போக வேண்டியதில்லை: வெள்ளைகேட்டில் காஞ்சிபுரம் திரும்பி, வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருப்போரூர் என்று போய்விடலாம். மேப் சில சமயம் பூந்தமல்லி, வண்டலூர் என்று சுற்றிக் காட்டும், நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் அபிப்பிராயம்: பிள்ளைகள் எட்டு வயதுக்குக் கீழ் என்றால் கிட்டத்தில் இருப்பதே போதும். பெரிய ரோலர் கோஸ்டர் ஏறத் துடிக்கிற பிள்ளைகள் இருந்தால்தான் வொண்டர்லா மாதிரிப் பெரிய பார்க்குக்குச் செலவு செய்வது நியாயம்.

விடிகாலைல கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துட முடியாதா?

செம்பரம்பாக்கம் என்றால் தாராளமாக முடியும். மற்ற இடங்களுக்கு முடியும், ஆனால் ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து, நாள் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் நின்றுவிட்டு, இருட்டிய பின் லாரிகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் ஓட்டி வர வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். வாலாஜாபேட்டை முதல் பூந்தமல்லி வரை சாலை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதால் திடீர் திருப்பங்களும் தடுப்புகளும் அந்தச் சாலையில் வழக்கமாகிவிட்டன. விடிகாலையிலும் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் சில நாள் பனி இறங்கி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் நாங்கள் முதல் நாள் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புகிறோம், இரவு பார்க் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் முழுக்க பார்க், அன்றிரவும் அங்கேயே தங்கல், மூன்றாம் நாள் நிதானமாக வீடு. இரண்டு இரவு அறைக்குக் காசு இல்லை என்றால் முதல் இரவை விட்டுவிடுங்கள், இரண்டாம் இரவை விடாதீர்கள். தூக்கம் தேவைப்படுவது திரும்பும்போதுதான்.

கார் இல்ல. பஸ், ட்ரெயின் சரிப்படுமா?

பெங்களூருக்கு ரயில்தான் நல்லது. சென்னையிலிருந்து வரும் பிருந்தாவன் மாதிரி பகல் வண்டிகள் காட்பாடியில் நின்று போகின்றன. முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது, 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. ஆகவே டிசம்பர் கடைசிப் பயணத்துக்கு அக்டோபர் கடைசியிலேயே தயாராக இருங்கள். ஐந்து வயதுக்குள் இருந்தால் தனி இருக்கை கேட்காத வரை டிக்கெட் வேண்டாம். பெங்களூரு ஸ்டேஷனிலிருந்து பிடதிக்கு மைசூரு வழித் தடத்திலேயே ரயில் உண்டு, இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இள்ளலூருக்கோ ஈசிஆருக்கோ ரயிலில் போவதில் லாபமில்லை. இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல் போய்விடுவீர்கள், அங்கிருந்து பார்க் போவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடும். நான்கு பேருக்கு மேல் இருந்தால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வேன் பேசிக்கொள்வது மேல். செங்கல்பட்டு வரை பஸ்ஸில் போய் அங்கே ஒரு கார் பிடித்தவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், திரும்பும்போதுதான் வண்டி கிடைக்காமல் தவித்தார்கள். திரும்புவதற்கும் போகும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

குழந்தை டிக்கெட் வயசு பாத்தா, உயரம் பாத்தா?

எல்லோரும் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பல பார்க்குகளில் கணக்கு உயரம்தான். பெங்களூரு வொண்டர்லாவில் நெடுநாளாக இருந்த முறை, 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். வேறு பார்க்குகளில் வேறு அளவு இருக்கும், போகிற இடத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைவிட முக்கியம் ரைடு. வேகமான பெரிய ரைடுகளுக்கு 120, 130, 140 என்று உயரக் கோடு போட்டிருப்பார்கள். கால் எட்டாமல், பாதுகாப்புக் கம்பி தோளில் சரியாக உட்காராமல் போனால் பிள்ளை வழுக்கிவிடும் என்பதால்தான் அந்தக் கோடு. கெஞ்சினாலும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. மூன்று வருடம் முன்பு ஒரு பார்க்கில் என் மகள் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் இருந்த அளவுக் கம்பத்தில் இரண்டு விரல் குறைந்து திருப்பி அனுப்பப்பட்டாள். அதே வரிசையில் நின்ற சித்தி மகன் ஏறிப் போனான். அவள் அழவில்லை, ஒன்றும் பேசாமல் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

தவறு என்னுடையது. வீட்டுக் கதவு நிலையில் செருப்பில்லாமல் நிற்க வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தால் ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும். இப்போது அதைத்தான் செய்கிறோம். எந்த ரைடு அவளுக்கு உண்டு, எது அடுத்த வருடத்துக்கு என்று இணையதளத்தைப் பார்த்து அவளே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறாள். பத்து வயதுப் பிள்ளைகள் பலர் 130க்கும் 140க்கும் நடுவில்தான் இருப்பார்கள், ஆகவே இந்த வயதில் அளக்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

டிசம்பர் குளிர்ல தண்ணில ஏத்தலாமா? சளி பிடிச்சா யாரு பாக்கறது?

சென்னைப் பக்கம் என்றால் பயம் வேண்டாம். டிசம்பரிலும் பகலில் 28, 29 டிகிரி இருக்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காலையில் 15, 16 டிகிரி, மதியம் 26, 27 வரை வரும், நான்கு மணிக்கு மேல் காற்று சில்லென்று அடிக்கும். அதனால் காலையில் தண்ணீர் இல்லாத ரைடுகள், உச்சி வெயிலில் தண்ணீர், மூன்றரைக்குள் வெளியே வந்து துடைத்து உடை மாற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க் திறப்பதே பெரும்பாலும் பதினொரு மணி வாக்கில்தான் என்பதால் இந்த வரிசை இயல்பாகவே அமைந்துவிடும்.

குழந்தைகளின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். எடைக்குத் தோல்பரப்பு அவர்களுக்கு அதிகம், அதுதான் காரணம். உதடு நீலம் பாரித்தாலோ, பல் தந்தியடித்தாலோ இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாலும் வெளியே எடுத்துவிடுங்கள். சளி கிருமியால் வருவது, நனைவதாலேயே வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீரும் குளோரின் வாசனையும் இழுப்பைக் கிளப்பிவிடலாம். இன்ஹேலர் லாக்கரில் இருந்து பயனில்லை, கையில் இருக்கும் நீர்புகாப் பையில் இருக்க வேண்டும்.

மழை வந்துட்டா என்ன பண்றது?

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும், கடலோரத்தில்தான் அதிகம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசி வாரத்தில் அவ்வளவு பெரிய புயல் அரிது என்றாலும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்து வானிலை மைய அறிவிப்பைப் பாருங்கள். சாதாரணத் தூறலுக்குப் பயணத்தை நிறுத்த வேண்டாம், தண்ணீர் ரைடுகள் ஓடும், கூட்டமும் குறையும். இடி, மின்னல் என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் வாங்கும்போதே தேதி மாற்ற முடியுமா என்ற விதியைப் படித்துவிடுங்கள்.

புளிசோறு கட்டிட்டுப் போலாமா?

பெரிய பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை, கைக்குழந்தைக்கான உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் கட்டிக்கொண்டு போங்கள். புளிசோறும் உருளை வறுவலும் காரிலேயே இருக்கட்டும், நுழைவதற்கு முன் பத்து மணிக்கு வயிறார ஒரு பிடி. உள்ளே மதியத்துக்கு ஒரு வேளை வாங்கினால் போதும். மதியம் பிரியாணி வேண்டாம் என்று நம் ஊர்க்காரர்களிடம் சொல்வது கஷ்டம்தான், ஆனால் வயிறு நிறைந்து சுழலும் ரைடில் ஏறினால் வாந்தி நிச்சயம். தயிர்சாதம், இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், ஆம்பூர் பிரியாணியைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது.

என்ன டிரெஸ் எடுத்து வைக்கணும்? சுடிதார் விடுவாங்களா?

தண்ணீருக்குள் பருத்தி, ஜீன்ஸ், சேலை, நீள துப்பட்டா எதையும் விட மாட்டார்கள். நைலான் அல்லது பாலியஸ்டர்தான். பருத்தி தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், ஸ்லைடில் சிக்கும். உடம்பை முழுக்க மூடும் நைலான் நீச்சல் உடை பெண்களுக்குக் கடைகளில் கிடைக்கிறது, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், பார்க் வாசலில் விலை அதிகம். முழுக்கை உடை குளிருக்கும் வெயிலுக்கும் நல்லது.

அதோடு ஆளுக்கொரு டவல், சின்னவர்களுக்கு இரண்டு. திரும்பும்போது போட ஸ்வெட்டர், காதை மூட ஒரு தொப்பி. நகை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், மெட்டி கொலுசு உட்பட.

மாமியார் ரைடு எதுலயும் ஏற மாட்டாங்க. அவங்களுக்கும் டிக்கெட்டா?

ஆமாம், நுழைகிற எல்லோருக்கும் டிக்கெட்தான். சில இடங்களில் மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு, வயதுச் சான்றை எடுத்துப் போங்கள். ஆனால் முதலில் அவர்களிடமே கேளுங்கள், வர விருப்பமா என்று. எங்கள் அத்தை முதல் தடவை வந்து ஏழு மணி நேரம் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். யாரும் அப்படிச் சொல்லி உட்கார வைக்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. இரவு கால் வீங்கியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த தடவை லாக்கர் எடுத்துப் பைகளை உள்ளே போட்டோம். அத்தையும் சின்னவனும் சேர்ந்து செய்ய ஏதாவது இருக்கும்படி பார்த்தோம்: மெதுவாகச் சுற்றும் ராட்டினம், குட்டி ரயில், முழங்கால் தண்ணீர். அலைக்குளத்தில் ஓரமாக உட்கார்ந்து, அலை வந்து காலில் படும்போது அத்தை சிரித்த சிரிப்புதான் அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த புகைப்படம். மதியம் மூன்றுக்கு மேல் அறைக்குப் போய்ப் படுக்கலாம் என்ற வசதிக்காகவும்தான் பார்க் பக்கத்திலேயே தங்கச் சொல்கிறேன். இதயக் கோளாறு, முதுகு வலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் வேகமான ரைடுகள் கூடவே கூடாது.

ஒருத்தி பெரிய ரைடு கேக்கறா, ஒருத்தனுக்கு நாலு வயசு. எப்படி சமாளிக்கறது?

அன்றைய நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், குடும்பத்தைப் பிரிப்பது இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கட்டும். திறந்த உடனே வரிசை குறைவாக இருக்கும்போது ஒருவர் பெரியவளோடு பெரிய ரைடுகளுக்கு ஓடுங்கள், இன்னொருவர் சின்னவனோடு குழந்தைகள் பகுதி. நேரம் வைத்து மாறிக்கொள்ளுங்கள், அப்போதுதான் அம்மாவும் ஏறலாம், அப்பாவும் ஏறலாம். மதியத்துக்கு மேல் எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில்.

உள்ளே சத்தத்தில் போன் மணி கேட்காது. ஏதாவது ஒரு பெரிய அடையாளத்தைச் சந்திக்கும் இடமாகக் காலையிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். சின்னவர்களின் மணிக்கட்டில் போன் எண்ணைப் பேனாவில் எழுதுங்கள், காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், காணாமல் போனால் காவலரிடம் காட்ட அதுதான் உதவும்.

அதிக காசு குடுத்து ஃபாஸ்ட் டிராக் வாங்கலாமா?

தனி வரிசையில் சீக்கிரம் ஏற விடும் டிக்கெட் அது. முதல் கேள்வியில் சொன்ன நாட்களில் போனால் தேவையில்லை. 26 முதல் 31க்குள் போயே ஆக வேண்டும், பிள்ளைகளும் 140ஐத் தாண்டியவர்கள் என்றால் யோசிக்கலாம். உயரம் இல்லாத பிள்ளைக்கு அது வீண், பெரிய வரிசை உள்ள ரைடுகளில் அவனை ஏற்றவே மாட்டார்கள்.

ஆன்லைன்ல பாதி விலைன்னு ஒரு லிங்க் வந்திருக்கு. போடலாமா?

வேண்டாம். பார்க்கின் சொந்த இணையதளம் அல்லது செயலியில் மட்டும் வாங்குங்கள், அங்கேயே முன்பதிவுக்கும் மாணவர்களுக்கும் சலுகை இருக்கும். பணம் போட்டு ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பயப்படற பையனை ஒரு தடவை ஏத்திவிட்டா பயம் தெளிஞ்சிடாதா?

தெளியாது. ஏற மாட்டேன் என்றவனை அப்பா தூக்கி உட்கார வைத்து, அவன் அடுத்த வருடம் பார்க் வாசலுக்கே வர மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கீழே நின்று இரண்டு சுற்று பார்க்கட்டும், இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கட்டும். தானாக ஏறுகிறேன் என்றால் சரி, இல்லையென்றால் ஐஸ்கிரீம். அவன் நாளும்தான் அது.

அக்கா, தனியா கேக்கணும். பொண்ணுக்கு அந்தத் தேதி வர்ற மாதிரி இருக்கு…

இதைப் பலர் மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். தேதி கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டாலும் அவளை வீட்டில் விட்டுப் போகாதீர்கள், தண்ணீர் இல்லாத ரைடுகளே நாள் முழுக்கப் போதும். பேட் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்க முடியாது, ஊறிவிடும். தள்ளிப்போட மாத்திரை என்று கடையில் நேராக வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், ஒரு சுற்றுலாவுக்காக வளரும் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் அது கூடாது. அவளையே கேளுங்கள், என்ன செய்யலாம் என்று. பெரும்பாலும் அவர்களிடமே நல்ல யோசனை இருக்கும்.

ரெண்டாவது நாளும் பார்க் டிக்கெட் எடுக்கலாமா, வேற எங்கயாவது போலாமா?

வேறு எங்காவது. ஒரே பயணத்தில் இரண்டு பார்க் போனால் இரண்டாவதில் பிள்ளைகள் சண்டை போடுவதைத்தான் பார்க்கலாம். இள்ளலூரோ ஈசிஆரோ போனவர்களுக்கு மாமல்லபுரம் பக்கம்தான், மணலில் ஓடட்டும். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய், இதைப் பார்த்து நாளை வையுங்கள். வரும் வழியில் காஞ்சிபுரத்தில் இறங்கினால் பெரியவர்களுக்கும் ஒரு கோயில் ஆகிவிடும்.

எல்லாம் புக் பண்ணியாச்சு, முந்தின நாள் காய்ச்சல் வந்துட்டா?

போகாதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிப் போகலாம் என்று நிச்சயம் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. டிசம்பரில் நம் பக்கம் டெங்கு இன்னும் முழுதாக அடங்கியிருக்காது, வெறும் சளிக்காய்ச்சல்தான் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்ய முடியாது. அன்றே பார்க்குக்கும் அறைக்கும் போன் செய்து தேதி மாற்றக் கேளுங்கள், காரணம் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்கும் நான்கு நாள் லீவு வருகிறது, அதற்குள் மழையும் ஓய்ந்திருக்கும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் இரண்டு நாளிலும் சென்னைப் பார்க்குகளில் காலே வைக்க முடியாது, அதை மட்டும் தவிர்த்துத் தேதி கேளுங்கள்.